நல்ல தண்ணி மீன்

பந்தல்குடி ஸ்ரீ ராஜகுரு ஹார்டுவேர்ஸில் வியாபாரம் படுத்துக் கிடப்பதற்குக் காரணம் முதலாளி வீட்டின் வடகிழக்கு மூலைதான் என்று முனீஸ்வரன் கண்டுபிடித்துச் சொன்னபோது ஆடி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆடியில் இந்தப் பக்கம் யாரும் வாசக்கால் வைப்பதில்லை. அஸ்திவாரம் தோண்டுவதில்லை. பழைய கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றுவதைக்கூட ஆவணிக்குத் தள்ளிவிடுவார்கள். தூத்துக்குடி ரோட்டில் உள்ள அத்தனை ஹார்டுவேர்ஸ்காரர்களும் இந்த மாதம் முழுக்க, லாரி கிளப்பிவிட்டுப் போகிற கரிசல் புழுதியைச் சாமான்களின் மேலிருந்து தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் அவர்களெல்லாம் வெறும் கடைக்காரர்கள். ராஜகுருவோ பந்தல்குடி வட்டார வணிகர் நலப் பேரவையின் செயல் துணைத் தலைவர். அவருக்கு வியாபாரம் படுத்தால் அதற்குத் தனியாக ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கால் கிலோ ஆணி கேட்டு வந்தவனிடம் "எதுக்கு ஆணி? எந்தச் செவத்துல அடிக்கப்போற? அந்தச் செவரு ஒன்னோடதா?" என்று அவர் நடத்தும் விசாரணை காரணங்களின் கணக்கில் வராது.

முனீஸ்வரனின் விசிட்டிங் கார்டில் 'வாஸ்து செம்மல்' என்று இருக்கும். முன்பு அவர் உள்ளங்கையில் தேங்காயை நிற்க வைத்துப் போர் போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காட்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் வந்தது, வந்ததெல்லாம் உப்பு. ராஜகுரு வீட்டுக் கொல்லையில் நானூறு அடியில் கிடைத்ததும் அதுதான். வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பாத்திரம் காய்ந்தால் வெள்ளை பூக்கும். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லிப் பெயர் கெட்ட பிறகு, தண்ணீரை எங்கே வைப்பது என்று சொல்லும் தொழிலுக்கு மாறிக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஈசானிய மூலையில தண்ணி அசையணும். சும்மா அண்டாவுல வச்சா அசையாது. மீனு வேணும். எட்டு தங்கக் கலரு, ஒண்ணு கறுப்பு. ஆக ஒம்பது."

"ஆடியில ஆரம்பிக்கலாமா?"

"மீனுக்கு ஏது அண்ணாச்சி ஆடி?"

இதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்ல முடியும்? ராஜகுரு மறுநாளே அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மீன் கடையை அரவிந்த்குமார் நடத்திக்கொண்டிருந்தான். என்ஜினியரிங் படித்தவன். கல்லாவில் அவன் அம்மா சௌடம்மாள். ராஜகுரு ரெண்டரை அடி கண்ணாடித் தொட்டி, காற்றுக் குமிழி விடும் மோட்டார், அடியில் பரப்ப நீலக் கல், ஒரு பிளாஸ்டிக் கோட்டை எல்லாம் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு மீன்கள் பக்கம் வந்தார்.

"மொதமொத வளக்குறவுகளுக்கு மோலி, கப்பி நல்லது சார்" என்றான் அரவிந்த்குமார். "லேசுல சாகாது. குட்டியும் போடும்."

"குட்டி போடுறதுக்கா நான் வளக்குறேன்? தங்கம் மாதிரி எது?"

"கோல்டு பிஷ் இருக்கு சார். ஆனா அது நெறையத் திங்கும், நெறையக் கழியும். இந்தத் தொட்டிக்கு ரெண்டு விட்டாப் போதும்."

"எட்டு. அதுபோகக் கறுப்பு ஒண்ணு."

"ஒம்பது விட்டா மூச்சு முட்டும் சார்."

"வாஸ்துல ஒம்பதுன்னு இருக்கு."

"வாஸ்து மூச்சு விடாதே சார்."

சௌடம்மாள் கல்லாவிலிருந்து கன்னடத்தில் மகனிடம் ஏதோ சொன்னாள். விலையை ஏற்றச் சொல்கிறாள் என்று ராஜகுரு முடிவு செய்துகொண்டார். வாங்குகிறவன் கேட்டதைக் கொடுத்து அனுப்புடா என்றுதான் அவள் சொன்னாள்.

தனிச் சீசாவில் ஒரு நீல மீன் துடுப்பை விரித்துக்கொண்டு நின்றது. "இது பைட்டர் சார். தனியாத்தான் இருக்கும். பக்கத்துல இன்னொண்ணு வந்தாக் கடிச்சுரும்." ராஜகுரு அதைச் சற்று நேரம் மரியாதையோடு பார்த்தார்.

"இது சக்கர். கண்ணாடியில ஒட்டிக்கிட்டுப் பாசியைத் தின்னுக்கிட்டே கெடக்கும். தொட்டி கழுவுற வேலை கொறையும் சார்."

"கழுவுறதுக்கெல்லாம் வீட்டுல ஆள் இருக்கு" என்றார் ராஜகுரு. "எந்தத் தண்ணி ஊத்தணும்? அதைச் சொல்லு."

"இது பூராம் நல்ல தண்ணி மீனு சார். ஊத்தி ரெண்டு நாள் விட்டுட்டு அப்புறமா மீனை விடுங்க."

பின்னால் நடந்த எல்லா வம்புக்கும் 'நல்ல தண்ணி' என்ற இந்த ஒரு வார்த்தைதான் காரணம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் தண்ணீர் இரண்டு வகைதான். உப்புத் தண்ணி, கொல்லைப் போரில் வருவது. நல்ல தண்ணி, எட்டு நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வருவது. வீட்டுக்குப் பத்துக் குடம், அதற்கு மேல் ஒரு செம்பு கிடையாது. ராஜகுருவுக்குத் தெரிந்த நல்ல தண்ணி அதுதான்.

அந்தப் பத்துக் குடத்தை வைத்துத்தான் கஸ்தூரியின் மாவு நடந்தது. ராஜகுருவின் மனைவி கஸ்தூரி ஆறு வருஷமாக இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். அரிசியை உப்புத் தண்ணியில் நாலு தடவை களைந்துவிட்டு, ஊறப்போடவும் ஆட்டவும் மட்டும் நல்ல தண்ணி. ஒரு கையளவு மாறினாலும் மாவு காட்டிக்கொடுத்துவிடும். பைபாஸ் முக்கில் இட்லிக் கடை போட்டிருக்கும் செல்லப்பாண்டிக்குத் தினம் பதினைந்து கிலோ, மீதி வீடுகளுக்கு. ராஜகுரு இதைச் 'சில்லறை வேலை' என்று சொல்வார். மகள் பிருந்தாவின் காலேஜ் செலவும், ஆடி மாதம் முழுக்க வீட்டுச் சாப்பாடும் இந்தச் சில்லறை வேலையில்தான் ஓடின என்பதைப் பேரவைக் கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. கஸ்தூரி வரிசையில் நின்று பத்துக் குடத்தையும் பிடித்துச் சுமந்து, வாயைத் துணியால் கட்டி அடுப்படியில் வைத்துவிட்டு, ஸ்கூட்டியில் மாவு வாளியோடு கிளம்பினாள். திரும்பி வந்தபோது ஆறு குடங்கள் கவிழ்ந்து கிடந்தன.

"பிருந்தா, இதை யாருடி கவுத்தது?"

பிருந்தா காலேஜ் பையை மாட்டிக்கொண்டே ஹாலைக் காட்டினாள். "அங்க போய்க் கேளு. அம்மா வரட்டும்னு நான் சொன்னேன். 'ஒனக்குப் புரியாது, இது நேர்மறை ஆற்றல்'னு சொன்னாக."

ஹாலில் வடகிழக்கு மூலையில், நீலக் கல்லுக்கும் பிளாஸ்டிக் கோட்டைக்கும் மேலே, ஆறு குடம் நல்ல தண்ணி பளிங்கு மாதிரி நின்றது. ராஜகுரு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"ரெண்டரை அடித் தொட்டி. கணக்குப்படி ஆறு குடம் பிடிக்கும். சரியாப் பிடிச்சுச்சு பாத்தியா?"

"கணக்கு யாரு கேட்டா? எட்டு நாளைக்கு மாவை எதுல ஆட்ட?"

"நாலு குடம் இருக்குல்ல."

"குடிக்க?"

"அதுலதான்."

"அப்ப மாவு?"

"ஏய், மாவு மாவுன்னு! ஒரு குடும்பத்தோட முன்னேற்றத்தைப் பத்தி நான் யோசிக்கேன், நீ உளுந்தைப் பத்திப் பேசுற."

"உளுந்துலதாங்க முன்னேற்றம் ஓடிக்கிட்டு இருக்கு. போர்த் தண்ணியை ஊத்தியிருந்தா என்ன?"

"நல்ல தண்ணி மீனு! கடைக்காரன் படிச்சவன், சொல்லியிருக்கான். உப்புல விட்டா தாங்குமா?"

"நாங்க மட்டும் தாங்குவோமாக்கும்" என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரி மிச்ச நாலு குடத்தையும் உள்ளறைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

இரண்டு நாள் பொறுக்கச் சொன்னது ராஜகுருவுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் முனீஸ்வரன் குறித்துக் கொடுத்த நேரம் அன்றைக்கு ஒன்பதே கால். ஒன்பதே காலுக்கு ஒன்பது மீனையும் விட்டார், சூடமும் காட்டினார். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கைத் துளைத்தது. அது சுத்தத்தின் வாடை என்று அவர் எடுத்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது எட்டுத் தங்கமும் மேலே மிதந்தன. கறுப்பு மட்டும் கோட்டை வாசலில் சாய்ந்து கிடந்தது.

கஸ்தூரி மீன்களைக் கரண்டியால் எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து சொன்னாள். "தண்ணியைத் தொடாதீக. துணி அலசவாவது ஆகும்."

தொட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் முனீஸ்வரன் போனில் பதறிவிட்டார். "செத்த தண்ணி ஈசானியத்துல நிக்கவே கூடாது அண்ணாச்சி. ஒடனே வெளியேத்துங்க." செவ்வாய் காலையில் கஸ்தூரி மாவு கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து ராஜகுரு கடையிலிருந்து புது டியூப் கொண்டுவந்து, ஒரு முனையைத் தொட்டியிலும் மறு முனையை வாசல் சாக்கடையிலும் விட்டார்.

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடுகிற காட்சியை அந்தத் தெருவில் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எதிர்வீட்டு ஜக்கம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"மொதலாளி, இது என்ன தண்ணி?"

"நல்ல தண்ணி" என்றார் ராஜகுரு. தன் வீட்டில் மட்டமான தண்ணீர் புழங்குவதாக அவள் நினைத்துவிடக் கூடாது என்று, "சுத்தமான நல்ல தண்ணிதான்" என்று இன்னொருமுறை சத்தமாகவும் சொன்னார்.

ஜக்கம்மாள் டியூப் வற்றுகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். மற்றவர்களும் போனார்கள். கதவுகள் சாத்துகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

பிறகு ராஜகுரு அரவிந்த்குமாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு ஏசினார். கஸ்தூரி அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன மீனுய்யா குடுத்த? ஆறு குடம் நல்ல தண்ணி ஊத்தியும் செத்துப்போச்சு!"

"எந்தத் தண்ணி சார்?"

"கொழாய்த் தண்ணி. எட்டு நாளைக்கு ஒருக்க வர்றது."

"அய்யய்யோ! பிளீச்சிங் போட்டு வருமே சார். அதை எதுக்கு ஊத்துனீங்க?"

"நீதானய்யா நல்ல தண்ணி மீனுன்ன?"

"கடல் மீனு இல்லைன்னு சொன்னேன் சார். எங்க தொழில்ல அப்படித்தான் சொல்றது. எங்க கடையில பூராம் போர்த் தண்ணிதான் சார். ஒங்க கொல்லைத் தண்ணியே போதும், ஜம்முனு இருக்கும்."

கஸ்தூரி மாவு வாளியை மெதுவாகத் தரையில் வைத்தாள். ராஜகுரு போனை அணைத்துவிட்டு, "இவன் என்ஜினியரிங் பாஸ் பண்ணியிருக்க மாட்டான்" என்றார்.

போர்த் தண்ணி ஊற்றி, இந்தத் தடவை இரண்டு நாள் பொறுத்து, வியாழக்கிழமை அடுத்த ஒன்பது மீனை விட்டார். அவை நிஜமாகவே ஜம்மென்று நீந்தின. அந்த வீட்டில் உப்புத் தண்ணி ஒத்துக்கொண்ட சீவன்கள் அவை ஒன்பதுதான்.

அதே வியாழக்கிழமை மத்தியானம் நாலாவது குடம் காலியானது. குடிக்க ஒரு கேன் வாங்கியாகிவிட்டது. கேன் தண்ணியில் மாவு ஆட்டிப் பார்த்துக் கஸ்தூரி ஏற்கெனவே ஒருதரம் கையைச் சுட்டுக்கொண்டவள். அந்தத் தடவை மாவு பொங்காமல் சோர்ந்து கிடந்தது. இப்போது கேன் தண்ணியோடு பாதிக்குப் பாதி போர்த் தண்ணி கலந்தால் தெரியாது என்று நினைத்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மாவைத் தொட்டுப் பார்க்காமலே மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குச் செல்லப்பாண்டி வந்தான். கையில் ஒரு டிபன் பாக்ஸ். திறந்து திண்ணென்றிருந்த மஞ்சள் இட்லி ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"அக்கா, பிச்சுப் பாருங்க."

அவள் பிய்க்கவில்லை. "தெரியும் செல்லப்பாண்டி."

"கேரளா லோடு டிரைவர் ஒருத்தரு, வாரம் மூணு தடவை நம்ம கடையிலதான் நிறுத்துவாரு. 'ஏலே, இதை முக்கால் இஞ்சு ஜல்லியில சேத்துக் கலவை போட்டா வீடு நிக்கும்லே'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. சட்னியை நாலு தரம் ஊத்துறேன், கரிப்பு அடங்க மாட்டேங்குது. என்னக்கா ஆச்சு?"

"நல்ல தண்ணி இல்ல."

செல்லப்பாண்டியின் கண் ஹாலுக்குப் போனது. தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. "மீனுக்கு இருக்கு போல."

"அது உப்புத் தண்ணிப்பா" என்றார் ராஜகுரு உள்ளேயிருந்து, கௌரவம் குறையாமல்.

"அண்ணாச்சி, நான் ஒங்ககிட்டப் பேசல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். "அக்கா, பாக்கெட் மாவு வேன்காரன் தெனம் வந்து நிக்கான். நான் இவ்வளவு நாள் வேண்டாம்னுட்டேன். நாளைக்கு ஒங்க மாவு சரியா வந்தா ஒங்ககிட்ட. வரலைன்னா என்னைக் கோவிச்சுக்கிறாதீக. கடைன்னு ஒண்ணு போட்டுட்டேன்."

அவன் இல்லையென்றால் மாவுத் தொழிலே இல்லை. வீடுகளுக்குப் போகிற நாலு கிலோவுக்குக் கிரைண்டர் கரண்ட்டு கட்டாது. கஸ்தூரி இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். அந்தத் தெருவில் தண்ணீர் கைமாற்று உண்டு. கல்யாணம், சாவு எதுவென்றாலும் ஒரு வீட்டுக் குடம் இன்னொரு வீட்டுக்குப் போகும், முறை வரும்போது திரும்பும். யாரும் யாரையும் இல்லை என்று சொன்னதில்லை.

"ஜக்கம்மாக்கா, ரெண்டு குடம் குடுங்க. செவ்வாக்கெழமை பிடிச்சுத் தந்துருதேன்."

ஜக்கம்மாள் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலைக் கூட்டினாள். "ஒனக்குன்னா அஞ்சு குடம்கூடத் தருவேன் தாயி. ஆனா சாக்கடையில ஊத்துன வீட்டுக்கு எப்படிக் குடுக்க? எம்மருமக இடுப்பு ஒடியச் சொமந்தது. அவகிட்ட என்ன சொல்ல?"

"நான் ஊத்தலையேக்கா."

"அது தெரியும். ஊத்துனவுகளை வரச்சொல்லு. வந்து கேக்கட்டும். நான் மட்டுமில்ல, தெருவுல யாரும் இதைத்தான் சொல்லுவாக."

கஸ்தூரி திரும்பி வந்து குடத்தை ராஜகுருவின் முன்னால் வைத்தாள்.

"கெளம்புங்க."

"எங்க?"

"தெருவுக்கு. வீடு வீடாப் போய் மாவுக்குத் தண்ணி கேளுங்க. ஊத்துனவரு வந்தாத்தான் தருவாகளாம்."

"ஏய்! நான் யாரு? பேரவையில எனக்கு..."

"பேரவையில கொழாய் இருக்கா?"

"நாலு பேரு என்ன நெனைப்பான்?"

"நாலு பேரும் செவ்வாக்கெழமையே நெனைச்சு முடிச்சுட்டாக. இங்க பாருங்க, நான் சண்டை போடல. சண்டைக்குத் தொண்டையில தண்ணி இல்ல. நீங்க போகலைன்னா இன்னைக்கு நான் அரிசி ஊறப்போடல. நாளைக்குச் செல்லப்பாண்டி பாக்கெட்டுக்குப் போயிருவான். அப்புறம் ஒங்க கடையில வர்ற வருமானத்துல ஆவணி வரைக்கும் சாப்பிடுவோம்."

ராஜகுரு ஒரு நிமிஷம் தன் கடையின் வருமானத்தை நினைத்துப் பார்த்தார். எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். நீலப் பிளாஸ்டிக் குடத்தை எந்தக் கையில் பிடித்தால் குடம் மாதிரித் தெரியாது என்று வாசலில் நின்று இரண்டு கையிலும் மாற்றிப் பார்த்தார். ஆடிக் காற்று வேட்டியைப் பிடுங்கியது.

முதல் வீட்டில் கதவைத் தட்டி, "அதாவது, எதிர்பாராத சூழ்நிலை காரணமாக, தற்காலிகமாக ஒரு குடிநீர்ப் பற்றாக்குறை..." என்று ஆரம்பித்தார்.

"எது சூழ்நிலை? டியூப் போட்டது நீங்கதான அண்ணாச்சி?" என்றாள் அந்த வீட்டுப் பெண். "மீனுக்கா, மாவுக்கா?"

"மாவுக்குத்தாம்மா."

ஒரு செம்பு ஊற்றினாள்.

இரண்டாவது வீட்டில், "ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு. மாவுக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றார். அங்கேயும் மீனுக்கா மாவுக்கா என்றுதான் கேட்டார்கள். ஒருவருக்கொருவர் பேசி வைத்துக்கொண்ட மாதிரி எல்லா வீட்டிலும் அதே கேள்வி. ஒரு வீட்டில் மீன் என்ன விலை என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில், செத்ததைக் குழம்பு வைத்தீர்களா என்று அக்கறையாக விசாரித்தார்கள். ஆறாவது வீட்டில் அவர் பேச்சு "மாவுக்குத் தண்ணி" என்று சுருங்கியிருந்தது. பத்தாவது வீட்டில் குடத்தை மட்டும் நீட்டினார். பேரவையில் இருபது வருஷமாக ஒருவராலும் நிறுத்த முடியாத பேச்சு.

ஒரு குடம் நிறைந்து, வீட்டில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துக்கொண்டு கடைசியாக ஜக்கம்மாள் வாசலில் போய் நின்றார்.

"யாரு மாவுக்கு?" என்றாள் ஜக்கம்மாள்.

"எங்க வீட்டு மாவுக்கு."

"வீடா ஆட்டுது?"

ராஜகுரு குடத்தை நீட்டினார். "கஸ்தூரி மாவுக்கு."

அவள் உள்ளே போய் ஒரு தவலை நிறையக் கொண்டுவந்து, அவருடைய குடத்தின் கழுத்துவரை ஊற்றினாள். "தளும்பாமக் கொண்டு போங்க மொதலாளி. சிந்துனா தெரு பூராம் பாத்துக்கிட்டு இருக்கு."

இடுப்பில் வைக்க அவருக்குத் தெரியவில்லை. தோளில் தூக்கிக்கொண்டு, நாலு எட்டு வைப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. கஸ்தூரி குடத்தை வாங்கி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, களைந்து வைத்திருந்த அரிசியின் மேல் ஊற்றினாள். அவர் சட்டையிலிருந்து தரையில் சொட்டுவதை மட்டும் ஒரு தரம் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் செல்லப்பாண்டி முதல் ஈட்டு இட்லியை இறக்கி, விரலால் அமுக்கிப் பார்த்து, ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "வேன்காரனைப் போகச் சொல்லிருதேன்க்கா" என்றான்.

கஸ்தூரி வீட்டுக்கு வந்தபோது ராஜகுரு இஸ்திரி போட்ட சட்டையோடு கடைக்குக் கிளம்பி நின்றார்.

"என்ன சொன்னான்?"

"நாளைக்கும் பதினஞ்சு கிலோ கேட்டிருக்கான்."

ராஜகுருவின் முகம் மலர்ந்தது. காலரைச் சரிசெய்துகொண்டார். "பாத்தியா? நான் நேர்ல எறங்குனா எதுவும் முடியும்."

"ஆமா" என்றாள் கஸ்தூரி. அடுப்படிக்குப் போய் இரண்டு காலிக் குடங்களைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். "தண்ணி வர இன்னும் மூணு நாள் இருக்கு. இன்னைக்குத் தெக்குத் தெருவுக்குப் போங்க. நம்ம தெருவுல ஒரு தடவைதான் குடுப்பாக."